ஆவடி டாங்கிக்குள் ஒரு 'மேக்' துப்பாக்கி... அதன் குழாய் சூடேறினால் என்ன ஆகும் தெரியுமா?

சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் ரயில் நிலையத்தில் நிற்கும் மின்சார ரயில்களில் சிலவற்றின் முகப்பில் 'பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்' என்று எழுதியிருக்கும். புதிதாக ஊருக்கு வந்தவர்கள்தான் அந்தப் பெயரை நிமிர்ந்து பார்ப்பார்கள். தினமும் அதில் தொங்கிக்கொண்டு போகிற காலேஜ் பிள்ளைகளுக்கும், கூடையோடு ஏறுகிற பூக்காரம்மாக்களுக்கும் அதுவும் ஒரு ஊர்ப்பெயர், அவ்வளவுதான்.

அந்தப் பாதையில்தான் இருக்கிறது திருவள்ளூர் மாவட்டத்தின் ஆவடி. இந்திய ராணுவத்தின் டாங்கிகள் உருவாகும் ஊர். 'ஆவடியில் டாங்கி செய்கிறார்கள்' என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால், அந்த டாங்கியின் பெரிய பீரங்கிக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் குழாயைப் பலரும் கவனித்திருக்க மாட்டார்கள். குடியரசு தின அணிவகுப்பை டிவியில் பார்க்கும்போதுகூட எல்லோருடைய கண்ணும் பீரங்கி மேல்தான் இருக்கும்.

அந்தச் சின்னக் குழாய்க்குச் சொந்தமானதுதான், 'ஜெனரல் பர்ப்பஸ் மெஷின் கன்' எனப்படும் பொதுப்பயன் இயந்திரத் துப்பாக்கி. உலகில் 80-க்கும் மேற்பட்ட நாடுகளின் படைகளில் இருக்கும் 'மேக்' ரகத் துப்பாக்கிக்கும் ஆவடிக்கும் என்ன தொடர்பு? பார்ப்போம்.

பீரங்கிக்குப் பக்கத்து வீட்டுக்காரன்

ஆவடியில் உள்ள சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகம் வடிவமைத்து, அதே ஊரின் ஹெவி வெஹிக்கிள்ஸ் பேக்டரியில் தயாராகும் டாங்கி, அர்ஜுன். இதன் புதிய வடிவமான 'மார்க் 1ஏ' டாங்கியை 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் நடந்த விழாவில் பிரதமர் மோடி, ராணுவத் தளபதியிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் 118 டாங்கிகளுக்கு, 7,523 கோடி ரூபாய் மதிப்பில் ஆர்டர் வந்தது.

அர்ஜுனின் முக்கிய ஆயுதம் 120 மி.மீ. பீரங்கி. அதற்கு இணையாக, அது திரும்பும் பக்கமெல்லாம் சேர்ந்தே திரும்பும்படி பொருத்தப்பட்டிருப்பது 7.62 மி.மீ. 'மேக்' துப்பாக்கியின் டாங்கி வடிவம். 'கோஆக்சியல்' துப்பாக்கி என்பார்கள். பீரங்கிக்குக் குறிபார்க்கும் அதே கருவியில்தான் இதற்கும் குறிபார்க்கிறார்கள்.

பீரங்கி இருக்கும்போது இது எதற்கு? காரணம் எளிமையானது. ஒரு டாங்கிக்குள் ஏற்றிச் செல்லக்கூடிய பெரிய குண்டுகள் குறைவுதான். எதிரி டாங்கிக்காக வைத்திருக்கும் குண்டை, புதருக்குப் பின்னால் பதுங்கி வரும் இரண்டு பேருக்காகச் செலவழிக்க முடியாது. கிட்டே வரும் காலாட்படையைத் தள்ளி நிறுத்துவது இந்தச் சின்னக் குழாயின் வேலை.

ஆவடியின் முதல் டாங்கியான விஜயந்தாவில் இன்னொரு வேடிக்கையான ஏற்பாடும் இருந்தது. லேசர் கருவிகள் வராத காலம் அது. இலக்கு எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, முதலில் 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுப் பார்ப்பார்கள். தோட்டா எங்கே விழுகிறது என்று பார்த்து, அதற்கேற்ப பீரங்கியைச் சரிசெய்வார்கள். நூல் பிடித்துப் பார்த்துவிட்டுச் சுவர் எழுப்பும் கொத்தனாரைப்போல!

அந்த விஜயந்தாவுக்காக 1961-ல் இந்தியா ஒப்பந்தம் செய்துகொண்டது பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவம் பயன்படுத்திய புகழ்பெற்ற 'விக்கர்ஸ்' இயந்திரத் துப்பாக்கியைத் தயாரித்த அதே விக்கர்ஸ்தான்.

இரண்டு வேலைக்கு ஒரே துப்பாக்கி

'பொதுப்பயன்' என்ற பெயர் ஏன்? அதற்கு நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

அன்றைய ராணுவங்களில் இரண்டு விதமான இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. ஒன்று, விக்கர்ஸ் போன்ற கனமான ரகம். முக்காலியும் குழாயைக் குளிரவைக்கும் தண்ணீரும் சேர்த்தால் சுமார் 40 கிலோ. ஒரே இடத்தில் வைத்து மணிக்கணக்கில் சுடலாம். ஆனால், தூக்கிக்கொண்டு ஓட முடியாது. மற்றது, பிரென் போன்ற இலகுவான ரகம். ஒருவரே தூக்கிச் செல்லலாம். ஆனால், 30 தோட்டாக்களுக்கு ஒருமுறை நிறுத்தி, புது மேகசின் மாட்ட வேண்டும். இரண்டு துப்பாக்கிகள், இரண்டு விதப் பயிற்சிகள், இரண்டு வித உதிரிபாகங்கள்.

1930-களில் ஜெர்மனி இதை மாற்றியது. ஒரே துப்பாக்கி, முன்னால் இரண்டு கால் வைத்தால் இலகு ரகம், முக்காலியில் ஏற்றினால் கனரகம். 'எம்.ஜி.34', அதற்குப் பின் 'எம்.ஜி.42' என வந்த அந்தத் துப்பாக்கிகளை இரண்டாம் உலகப்போரில் எதிர்கொண்ட நாடுகள், போர் முடிந்ததும் அதே யோசனையைக் கையில் எடுத்தன.

பெல்ஜியத்தின் எர்ஸ்டால் நகரில் இருக்கும் 'எஃப்.என்.' நிறுவனத்தில் வேலை பார்த்த எர்னஸ்ட் வெர்வியே என்ற வடிவமைப்பாளர், 1950-களில் இரண்டு பழைய நல்ல விஷயங்களை ஒன்றாகச் சேர்த்தார். அமெரிக்கரான ஜான் பிரவுனிங்கின் துப்பாக்கியிலிருந்து பூட்டும் அமைப்பு, ஜெர்மனியின் எம்.ஜி.42-லிருந்து தோட்டா பெல்ட்டை இழுக்கும் அமைப்பு. இரண்டு உலகப்போர்களிலும் ஜெர்மனியிடம் சிக்கிச் சீரழிந்த நாடு பெல்ஜியம். அங்கே, எதிரியின் துப்பாக்கியில் இருந்த நல்ல யோசனையையும் எடுத்துக்கொண்டு பிறந்தது 'மேக்'. பிரெஞ்சில் அதன் முழுப்பெயருக்கு, பொது ஆதரவுக்கான இயந்திரத் துப்பாக்கி என்று அர்த்தம்.

பிரிட்டனில் இதற்கு 'எல்7' என்று பெயர். அமெரிக்காவில் 'எம்240'. இந்தியாவில் கான்பூர் ஸ்மால் ஆர்ம்ஸ் பேக்டரியில் இது தயாராகிறது. நம் காலாட்படை வீரர்கள் சுருக்கமாக 'எம்.எம்.ஜி.' என்பார்கள்.

எடை கிட்டத்தட்ட 12 கிலோ. இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலையேறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். கூடவே தோட்டாக்கள். பெல்ட்டில் கோத்த 100 தோட்டாக்கள் மட்டுமே சுமார் 3 கிலோ. அதனால் இது ஒரு ஆள் வேலையே கிடையாது. ஒருவர் சுட, ஒருவர் பெல்ட்டைப் பிடித்துக் கொடுக்க, மற்றவர்கள் தோட்டாவும் முக்காலியும் சுமக்க வேண்டும்.

தோசைக்கல் சூடு

இந்தத் துப்பாக்கி நிமிடத்துக்கு 650 முதல் 1,000 தோட்டாக்கள் வரை சுடக்கூடியது. விசையை விடாமல் அழுத்தினால், வீரர்கள் சுமந்துவந்த அந்த 100 தோட்டா பெல்ட் பத்து விநாடிக்குள் காலி!

சினிமாவில் ஹீரோ இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு, வசனம் பேசி முடிக்கும்வரை சுடுவார். நிஜத்தில் அப்படிச் சுட்டால் முதலில் சாவது துப்பாக்கிதான். ஒவ்வொரு தோட்டாவும் வெடித்து வெளியேறும்போது குழாய் சூடாகிறது. சூடு ஏற ஏற எஃகு இளகுகிறது. உள்ளே தோட்டாவைச் சுழற்றி அனுப்பும் வரிகள் தேய்கின்றன. குறி தப்பத் தொடங்குகிறது. அளவு மீறினால், விசையைத் தொடாமலேயே உள்ளே இருக்கும் தோட்டா தானாக வெடிக்கும். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும்? அதேதான்.

இதற்காகவே மேக்கில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. சுடுவதை நிறுத்தியதும் உள்ளே தோட்டா தங்காது. அறை திறந்தே இருக்கும். காற்று புகுந்து குளிரும். இன்னொரு ஏற்பாடு, சில விநாடிகளில் கழற்றி மாட்டக்கூடிய மாற்றுக்குழாய்.

அமெரிக்க ராணுவத்தின் கணக்கைப் பார்த்தால் இதன் முக்கியத்துவம் புரியும். நிமிடத்துக்கு 100 தோட்டாக்கள் என்று நிதானமாகச் சுட்டால், 10 நிமிடத்துக்கு ஒருமுறை குழாயை மாற்ற வேண்டும். 200 என்றால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை. விடாமல் முழு வேகத்தில் சுட்டால் ஒரே நிமிடம்தான். அதனால்தான் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே, சிறு சிறு தொடராகச் சுட்டு நிறுத்துவது.

ஆக, குழாய்தான் இந்தத் துப்பாக்கியின் உயிர். அது தேய்ந்துகொண்டே இருக்கும் பொருள். லாரிக்கு டயர் எப்படியோ, இதற்குக் குழாய் அப்படி. லாரியை ஒருமுறை வாங்கிவிடலாம். டயருக்கு ஒவ்வொரு முறையும் பக்கத்து நாட்டிடம் போய் நிற்க முடியுமா? அதுவும் போர் நடக்கும்போது? 1962-ல் சீனாவுடனான போரில் ஆயுதப் பற்றாக்குறையின் வலியை இந்தியா பட்டுத் தெரிந்துகொண்டது. திருச்சியில் 1966-ல் துப்பாக்கித் தொழிற்சாலை தொடங்கப்பட்டதும் அந்தக் காலகட்டத்தில்தான்.

1,650 தோட்டாக்கள்

இயந்திரத் துப்பாக்கியைப் பெருமையாக மட்டும் பேசிவிட முடியாது. அது மனிதர்களைக் கும்பல் கும்பலாகக் கொல்வதற்காகவே கண்டுபிடிக்கப்பட்டது. 1916 ஜூலை 1 அன்று, பிரான்ஸின் சோம் நதிக்கரையில் இயந்திரத் துப்பாக்கிகளுக்கும் பீரங்கிகளுக்கும் எதிரே நடந்து முன்னேறிய பிரிட்டிஷ் படையில் ஒரே நாளில் 19,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று உண்டு. 1919 ஏப்ரல் 13 அன்று ஜெனரல் டயர் ஜாலியன்வாலா பாக் நோக்கிப் போனபோது, அவரிடம் இயந்திரத் துப்பாக்கி பொருத்திய இரண்டு கவச வண்டிகளும் இருந்தன. பூங்காவுக்குள் நுழையும் சந்து குறுகலாக இருந்ததால் அவற்றை வெளியே நிறுத்த வேண்டியதாயிற்று. சாதாரணத் துப்பாக்கிகளால் சுமார் பத்து நிமிடம் சுட்டார்கள், 1,650 தோட்டாக்கள். பிரிட்டிஷ் அரசின் கணக்கிலேயே 379 உயிர்கள் போயின. வண்டிகள் உள்ளே போயிருந்தால் இயந்திரத் துப்பாக்கியையும் பயன்படுத்தியிருப்பேன் என்ற தொனியில்தான் டயர் பின்னர் விசாரணைக் குழுவிடம் பதில் சொன்னார்.

அந்த 1,650 தோட்டாக்களைச் சுட்டுத் தள்ள, இன்றைய மேக் துப்பாக்கி ஒன்றின் முழு வேகத்துக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. ஒரு சந்தின் அகலம் எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று யோசித்தால் நெஞ்சு பதறுகிறது. இப்படி ஓர் ஆயுதம் யார் கையில், எந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற கேள்வி அதனால்தான் எப்போதும் முக்கியம்.

மலை உச்சியில் ஒரு பதுங்குகுழி

அதே ஆயுதத்தை எதிர்கொண்டு நின்றவர்களின் கதையும் நம்மிடம் இருக்கிறது. 1999 கார்கில் போரில் எதிரிகள் உச்சியில், பதுங்குகுழிகளுக்குள். நம் வீரர்கள் கீழே, மறைவே இல்லாத சரிவில். மேலே ஒரேயொரு இயந்திரத் துப்பாக்கி இருந்தாலும் போதும், ஒரு படைப்பிரிவையே பாறைக்குப் பின்னால் முடக்கிப்போட்டுவிடும்.

1999 ஜூலை 4, முஷ்கோ பள்ளத்தாக்கின் 4875 முனை. ரைபிள்மேன் சஞ்சய் குமார் ஒரு பதுங்குகுழிக்குள் பாய்ந்து மூன்று பேரை நேருக்கு நேர் வீழ்த்தினார். காயத்தோடு அடுத்த பதுங்குகுழியை நோக்கி ஓடினார். அங்கிருந்தவர்கள் தங்கள் 'யுனிவர்சல் மெஷின் கன்'னைப் போட்டுவிட்டு ஓட, அதையே எடுத்து அவர்கள் மீது திருப்பினார். அதுவும் பொதுப்பயன் இயந்திரத் துப்பாக்கிதான். உயிரோடு பரம்வீர் சக்ரா பெற்ற மிகச் சிலரில் அவர் ஒருவர்.

திருச்சியில் வளர்ந்த மேஜர் மாரியப்பன் சரவணன், பீகார் ரெஜிமென்ட் வீரர்களை வழிநடத்தி, படாலிக் பகுதியில் எதிரிகளின் நிலையைத் தாக்கியவர். ராக்கெட் லாஞ்சரால் சுட்டு, காயம்பட்டும் பின்வாங்காமல் போரிட்டு, 1999 மே 29 அன்று வீரமரணம் அடைந்தார். அவருடைய உடலை மீட்க ஒரு மாதத்துக்கும் மேல் ஆனது. மறைவுக்குப் பின் வீர் சக்ரா வழங்கப்பட்டது. துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கும் அதே திருச்சியில் அவருக்கு நினைவிடமும் இருக்கிறது.

இன்னொரு ரயில் பாதை

பேசின் பிரிட்ஜைத் தாண்டியதும் ரயில் பாதை பிரிகிறது. ஒன்று அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூருக்கு. மற்றது எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கு. இந்த இரண்டாவது பாதையிலும் ராணுவத்தின் தடம் இருக்கிறது.

எண்ணூரில் அசோக் லேலண்ட் ஆலை. ராணுவத்தின் 'ஸ்டாலியன்' லாரிகள் அந்த நிறுவனத்தின் வடிவமைப்புதான். மீஞ்சூருக்குக் கிழக்கே கடலோரத்தில் எல் அண்ட் டி-யின் காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளம். கடலோரக் காவல்படைக்காக அந்த நிறுவனம் கட்டிய ஏழு ரோந்துக் கப்பல்களில் கடைசியான 'விக்ரஹா', 2021 ஆகஸ்ட் 28 அன்று சென்னையில் பணியில் சேர்ந்தது. இந்தக் கப்பல்களில் இருப்பது 7.62-ஐ விடப் பெரிய 12.7 மி.மீ. துப்பாக்கிகள். கப்பல் ஆடினாலும் குறி ஆடாது. உள்ளே உட்கார்ந்து திரையைப் பார்த்தபடியே இயக்கலாம். இந்த வகைத் துப்பாக்கிகளைத் திருச்சி தொழிற்சாலை இஸ்ரேலியத் தொழில்நுட்பத்தில் தயாரிக்கிறது.

இந்தப் பாதையில்தான் இருக்கிறது கும்மிடிப்பூண்டி. சிப்காட் வளாகத்தில் பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கும் ஆலைகளும் வார்ப்படப் பட்டறைகளும் நிறைய. சரவணன் வழிநடத்திய வீரர்களின் ஊரான பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் அந்த உலைகளின் முன்னால் நின்று வியர்வை சிந்துகிறார்கள்.

வீடு கட்டும் கம்பிக்கான எஃகும், துப்பாக்கிக் குழாய்க்கான எஃகும் ஒன்றில்லை. குழாய்க்குக் குரோமியம், மாலிப்டினம் போன்ற உலோகங்களைச் சரியான அளவில் கலக்க வேண்டும். சூடாக்கிக் குளிரவைக்கும் முறையில் பிசகக் கூடாது. நீளமான துளை நூல் பிசகாமல் நேராகப் போக வேண்டும். உட்புறத்தில் குரோமியப் பூச்சும் வேண்டும். தலைமுடி அளவு தவறினாலும், நூற்றுக்கணக்கான மீட்டருக்கு அப்பால் தோட்டா இலக்கைவிட்டு விலகிவிடும்.

யாருக்கு என்ன கிடைக்கும்?

2018-19 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, 2019 ஜனவரி 20 அன்று திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்டது தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம். சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்தும் அதன் மையங்கள். சின்னப் பட்டறைகளுக்கும் ராணுவ வேலை கிடைக்கும் என்பதுதான் இதில் இருக்கும் நம்பிக்கை.

ஆனால், கணக்கு அவ்வளவு சுலபமில்லை. 118 டாங்கிகள் என்பது ராணுவத்துக்குப் பெரிய எண்ணிக்கை. ஆயிரக்கணக்கில் கார் பாகம் செய்து பழகிய ஒரு பட்டறைக்கு, 118 டாங்கிகளுக்கான ஒரு பாகம் என்பது சில நாள் வேலை. அதற்காகப் புது மெஷின் வாங்கி, தரச்சோதனைகளைத் தாண்டி, அடுத்த ஆர்டருக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் வங்கிக் கடனுக்கு வட்டி காத்திருக்காது.

பெரிய தொழிற்சாலைகளிலும் மாற்றம் நடந்திருக்கிறது. 2021 அக்டோபர் 1 அன்று, நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகளும் ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. டாங்கி தயாரிக்கும் ஆவடி தொழிற்சாலை, ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் நிகாம் நிறுவனத்தின் கீழ் வந்தது. தொழிற்சங்கங்கள் இதைக் கடுமையாக எதிர்த்தன. அரசு ஊழியராக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு, நாளை ஆர்டர் குறைந்தால் என்ன ஆகும் என்ற கவலை. ஆர்டர் இல்லாமல் போனால் நஷ்டம் பணத்தோடு நிற்காது. குழாய்க்குள் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தே கோணல் கண்டுபிடிக்கும் கண்களும், விரலால் தடவியே பிசிறு உணரும் கைகளும் வீட்டுக்குப் போய்விடும். அப்படிப்பட்டவர்களை மறுபடி உருவாக்க ஒரு தலைமுறை ஆகும்.

ஐ.டி.ஐ-யில் டர்னர், ஃபிட்டர், மெஷினிஸ்ட், வெல்டர் படிக்கும் திருவள்ளூர் மாவட்டப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையில் ஒரு செய்தி இருக்கிறது. இங்கே எந்தக் கம்பெனி வந்தாலும் போனாலும், மைக்ரான் கணக்கில் உலோகத்தை இழைக்கத் தெரிந்த கைக்கு வேலை உண்டு. டாங்கிக்கும் அது வேண்டும், கப்பலுக்கும் வேண்டும், ஆஸ்பத்திரிக் கருவிக்கும் வேண்டும்.

அர்ஜுன் டாங்கிக்குள் இருக்கும் மேக் துப்பாக்கி, ஒருமுறைகூட மனிதர்களை நோக்கிச் சுடாமலேயே ஓய்வுபெற்றால் அதைவிட நல்லது வேறில்லை. ஆனால், சுட வேண்டிய அந்த ஒரு நாள் வந்துவிட்டால் அது சிக்கிக்கொள்ளக் கூடாது. அந்த நாளுக்காகத்தான் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, காலை ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள் ஆவடியின் தொழிலாளர்கள். அடுத்தமுறை ரயிலின் முகப்பில் 'மிலிட்டரி சைடிங்' என்று பார்த்தால், அவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம்.